சேவல் முத்திரை போட்ட ரொட்டி

டூரின்
8 செப்டம்பர் 2014

நுன்சியா,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். நீயும் இருக்கிறாய் என்று உங்கள் பங்குச் சாமியாருக்கு எழுதித் தெரிந்துகொண்டேன். நலம் விசாரிப்பை இத்துடன் முடித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது அங்கே கிடந்த பத்திரிகை ஒன்றில் மத்தேராவின் குகை விடுதிகளைப் பற்றி வண்ணப் படங்களோடு எழுதியிருந்தார்கள். அதில் ஒரு படம் நம் வீடு. எல்லாக் குகையும் ஒரே மாதிரிதானே என்பாய். கதவுக்கு வலப்புறம் மாதா மாடமும், அதன் கீழே அப்பா வெட்டத் தொடங்கிப் பாதியில் விட்ட இன்னொரு மாடமும் வேறு யார் வீட்டில் இருந்தது? பின்சுவரில் கழுதை கட்டும் இரும்பு வளையம்கூட அப்படியே இருக்கிறது. அதில் துண்டு தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி வந்தேன். கிழிக்கவில்லை; வரவேற்பறைப் பெண் கத்தரித்துக் கொடுத்தாள்.

நவம்பர் முதல் தேதி இரவுக்கு அந்த அறையைத் தொலைபேசியில் பதிவு செய்துவிட்டேன். மறுநாள் கல்லறைத் திருநாள். இறந்தவர்கள் வரும் இரவு என்று மேஜையில் ரொட்டியும் தண்ணீரும் வைக்கும் நம் வழக்கத்தை நான் இங்கேயும் விட்டதில்லை. காலையில் என் மருமகள் ஒர்னெல்லா அதை எடுத்துப் புறாக்களுக்குப் போடுவாள். ஆனால் அம்மாவும் அப்பாவும் டூரினுக்கு வழி கண்டுபிடிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அம்மா ரயில் ஏறியதே கிடையாது. குகைகளைக் காலி செய்யச் சொல்லி அரசாங்கம் கொடுத்த புது வீட்டையும் கடைசிவரை 'அந்த வீடு' என்றுதான் சொன்னாள். வந்தால் பழைய வாசலுக்குத்தான் வருவாள்.

அறையில் இரண்டு கட்டில்கள் இருக்கின்றன. நீ வரவேண்டிய கட்டாயம் இல்லை. வருவதானால், ஒரு முறை நேரில் போய்ப் பார்த்து எனக்கு எழுது: சுவரில் ஈரம் இருக்கிறதா, கழிப்பறை உள்ளேயே இருக்கிறதா, படிகளில் கைப்பிடி போட்டிருக்கிறார்களா. எனக்கு எண்பது வயது. அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடக்கூடிய காரியம் அல்ல இது.

நடந்ததைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நீயும் எழுதாதே.

கொஸ்தான்சா


மத்தேரா
19 செப்டம்பர் 2014

அக்கா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் தபால்காரரை நிறுத்தி, "இது நெஜமா எனக்குத்தானா?" என்று கேட்டேன். "இந்தத் தெருவுல வேற எந்த நுன்சியா இருக்கா?" என்றார். உள்ளே கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, பாத்திரம் எல்லாம் கழுவி முடித்த பிறகுதான் பிரித்தேன்.

விடுதிக்குப் போனேன். லெதீசியா என்று ஒரு பெண் சாவி வைத்திருக்கிறாள். நல்ல பெண். ஆனால் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் சரியில்லை. "இங்கதான் சிஞோரா, அந்தக் காலத்துல ஒயின் பீப்பாயெல்லாம் வெச்சிருந்தாங்க" என்று பின்பக்கத்தைக் காட்டினாள்.

"யாரு சொன்னா?"

"எங்க முதலாளி."

"உங்க முதலாளிகிட்ட சொல்லு, அங்க மொரெல்லா இருந்தா."

"மொரெல்லா யாரு, உங்க பாட்டியா?"

"கோவேறு கழுதை."

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஏனென்றால் மொரெல்லா நின்ற இடத்தில் இப்போது வெள்ளை வெளேரென்று ஒரு குளியல் தொட்டி. ஜோடியாக வருகிறவர்கள் சுற்றிலும் மெழுகுவத்தி ஏற்றிவைத்துக்கொண்டு அதில் உட்காருவார்களாம். மொரெல்லா பார்த்திருந்தால் உதைத்திருப்பாள்.

நீ கேட்டதற்குப் பதில். ஈரம் இருக்கிறது, நம் காலத்து ஈரம், எங்கும் போகவில்லை. கழிப்பறை உள்ளேயே இருக்கிறது. கட்டில்கள் ரொம்பத் தாழ்வு. அடியில் ஒரு கோழிகூட நுழைய முடியாது. கைக்குழந்தையாக நான் படுத்துத் தூங்கிய பெட்டியின் இழுப்பறை எங்கே இருந்தது என்று நின்று நின்று பார்த்தேன், அந்த இடத்தில் டிவி இருக்கிறது. கைப்பிடி போட்டிருக்கிறார்கள். இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏறும்போது இரண்டு தடவை உட்கார வேண்டியதாகிவிட்டது, மூச்சு விட்டு விட்டு வந்தது. வயசு. உனக்கு மட்டும்தான் ஏறுகிறதா?

டூரின்காரர்களிடம் நீ கல்வீட்டில் பிறந்ததாகத்தானே சொல்லி வைத்திருக்கிறாய். அதில் பொய்யும் இல்லை. முழுக்கக் கல்தான்.

நான் வருகிறேன். நடந்ததை எழுதாதே என்கிறாய், எழுதவில்லை. ஒன்றே ஒன்று. நான் அனுப்பியது திரும்பி வந்த அன்றைக்கு, உன் வாசல் இனி எனக்கு இல்லை என்று புரிந்துகொண்டேன். இப்போது நீயே திறக்கிறாய். சரி, வருகிறேன்.

நுன்சியா


டூரின்
27 செப்டம்பர் 2014

நுன்சியா,

ஈரத்தைப் பற்றி விடுதிக்கு எழுதிவிட்டேன். இரண்டு நாள் முன்பே அறையைச் சூடுபடுத்தி வைப்பார்கள். தலையணை நான் கொண்டுவருகிறேன்.

எது திரும்பி வந்தது என்கிறாய்? நீ எனக்கு எதையும் அனுப்பவில்லை.

எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். கன்னியர் மடத்தில் படித்தவள் சொன்ன சொல்லை மீறக் கூடாது. ஆனால் இதை எழுதாவிட்டால் நான் அந்த அறையில் உன் பக்கத்தில் படுத்துத் தூங்க முடியாது.

என் அமெதேயோ இறந்தபோது உன் கால் உடைந்து கட்டுப் போட்டிருந்தது. நீ அடக்கத்துக்கு வர முடியவில்லை. அதை நான் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. அவரை இவ்ரேயாவில் அவர்கள் குடும்பக் கல்லறையில் வைத்துவிட்டுத் திரும்பியதும் ஒர்னெல்லாவிடம், "அடுப்பு மூட்டாதே" என்றேன். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, சொந்தபந்தம் சமைத்து அனுப்பும் என்று விளக்கினேன்.

"யாரு அத்தை அனுப்புவாங்க?" என்றாள்.

"என் தங்கை."

"அவங்க ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்காங்களே."

"உனக்குத் தெரியாது. வரும்."

நல்ல மேஜைவிரிப்பை எடுத்து விரித்தேன். தட்டுகளை வைத்தேன். மணி அடிக்கும்போதெல்லாம் நானே போய்க் கதவைத் திறந்தேன். மின்சாரக் கணக்கு எடுப்பவர் வந்தார். மேல்மாடி அம்மாள் மலர்க்கொத்தோடு வந்தார். நான் பாலும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தேன். மூன்றாம் நாள் என் மருமகள் பொறுக்க முடியாமல் எதிர்க்கடையில் பிட்சா வாங்கி வந்தாள். அட்டைப்பெட்டியில். அதை என் நல்ல விரிப்பின் மேல் வைத்து நான் சாப்பிட்டேன், நுன்சியா. என் புருஷனுக்கான துக்கச் சாப்பாடு அதுதான்.

உன்னிடம் கேட்கவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். துக்கச் சாப்பாடு அனுப்பியவள் வந்துசேர்ந்ததா என்று கேட்கக் கூடாது, பெற்றுக்கொண்டவள் நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் சாவு அதே வழியில் திரும்பி நடந்து வரும் என்பாளே அம்மா. வராத சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று அவள் சொல்லித்தரவில்லை. நான் பேசாமல் இருந்துவிட்டேன். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

அறையை ரத்து செய்வதானால் அக்டோபர் பாதிவரை அவகாசம் இருக்கிறது. யோசித்து எழுது.

கொஸ்தான்சா


மத்தேரா
4 அக்டோபர் 2014

அக்கா,

உன் கடிதத்தை என் மகன் கோசிமோவைப் படிக்கச் சொல்லி இன்னொரு தடவை கேட்டேன், என் கண்ணில்தான் கோளாறோ என்று. அவனும் அதையேதான் படித்தான்.

நான் அனுப்பினேன். ஒற்றைக் காலில் நின்று சமைத்தேன். கோழி அடித்துச் சாறு வைத்து, இறுக மூடி போட்ட ஜாடியில் ஊற்றினேன். எண்ணெயில் பொரித்த வற்றல் மிளகாய், நீ மென்றால் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே, அது. பெரிய ரொட்டி, அப்பாவின் சேவல் முத்திரை குத்தி. எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி, டூரின் பஸ் ஓட்டுகிற தொனாத்தோவிடம் கொடுத்துவிட்டேன். இந்த ஊர்த் தாய்மார் எல்லாரும் வடக்கே இருக்கும் பிள்ளைகளுக்கு அவனிடம்தானே கொடுத்துவிடுவோம். அடுத்த நடையில் அவன் பெட்டியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான். கட்டின கயிறுகூட அவிழ்க்கவில்லை. "வேணாம்னுட்டாங்க" என்றான்.

அக்கா, நம் ஊரில் துக்கச் சாப்பாட்டைத் திருப்பி அனுப்பினால் என்ன அர்த்தம் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உனக்கும் எனக்கும் இனி ஒன்றும் இல்லை என்று அர்த்தம். குகையில் பிறந்ததைச் சொல்லக் கூச்சப்படுகிறவள், டூரின் சம்பந்திகள் முன்னால் என் ரொட்டியைப் பார்த்தும் கூச்சப்பட்டுவிட்டாள் என்று நினைத்தேன். திரும்பி வந்ததை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அத்திமரத்தடியில் புதைக்கச் சொன்னேன். "நல்ல கோழிம்மா" என்று கோசிமோ அழாத குறை.

உன் கடிதம் வந்த மறுநாள் தொனாத்தோவைத் தேடிப் போனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டான், சதுக்கத்தில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தான்.

"தொனாத்தோ, எங்கக்காவுக்கு நான் குடுத்துவிட்ட பொட்டி ஞாபகம் இருக்கா?"

"எந்தப் பொட்டி? ஆயுசு பூரா பொட்டிதானே சொமந்தேன்."

"வேணாம்னாங்கன்னு திருப்பிக் கொண்டாந்தியே, அது."

"ஆமா ஆமா. கோழி வாசம். பஸ்ஸு முழுக்க."

"யாருடா வேணாம்னது? எங்கக்காவா?"

"உங்கக்காவை நான் எங்க பாத்தேன்? வீடு பூட்டிக் கெடந்துச்சு. எல்லாரும் வெளியூருக்கு அடக்கத்துக்குப் போயிட்டாங்கன்னு வாசல் காவல்காரன் சொன்னான். இங்க வெக்காதே, நாறும், வேணாம்னான்."

"அதை ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"சொன்னேனே, வேணாம்னுட்டாங்கன்னு. யாருன்னு நீ கேக்கல. உன் மூஞ்சியப் பாத்தேன், பயந்து பஸ்ஸை எடுத்துட்டேன்."

கைத்தடியை ஓங்கிவிட்டேன் அக்கா, சீட்டாடுகிற எல்லாரும் பார்க்க. அவன் தலையைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிழவன். நான் தடியைக் கீழே போட்டுவிட்டு அவன் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

நீயும் அம்மா சொன்னபடி நடந்தாய், நானும் அம்மா சொன்னபடி நடந்தேன். 

அறையை ரத்து செய்யாதே.

நுன்சியா


டூரின்
11 அக்டோபர் 2014

நுன்சியா,

இதற்கு முன் எழுதிய தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நான் தாளை வீணாக்குகிறவள் அல்ல.

அந்தக் காவல்காரருக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு கேக் கொடுத்துவந்தேன். நல்ல மனிதர் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். இப்போது அவரும் இல்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நேற்று முழுவதும் ஒர்னெல்லாமேல் கோபப்பட்டேன். அவள் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

உன் ரொட்டிக்காக நான் கூச்சப்பட்டிருப்பேன் என்று நீ நினைத்ததை மறுத்து எழுத உட்கார்ந்தேன். நீ அப்படி நினைக்கும்படிதான் நான் வாழ்ந்திருக்கிறேன் என்பதால் அதையும் கிழித்தேன். அது வந்திருந்தால், டூரினில் உள்ள சம்பந்திகள் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்கள் முன்னால் சாப்பிட்டிருப்பேன். இதை நீ நம்ப வேண்டும்.

இனி ஏற்பாடுகள். நவம்பர் முதல் தேதி காலை ரயிலில் பாரி நிலையத்தில் வந்து இறங்குவேன். கோசிமோ காரோடு வந்தால் போதும், மலர்கள் வேண்டாம். நீ படி இறங்கும்போது கையில் எதையும் தூக்கக் கூடாது. எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது என்று எழுதியிருக்கிறாய். ஏறும்போது மூச்சு விட்டு விட்டு வந்தது என்று முன்பும் எழுதினாய். இரண்டையும் நான் படித்தேன். மருத்துவரைப் பார். இது ஆலோசனை அல்ல.

ரொட்டி நீ சுட வேண்டும். பொது அடுப்பில் நம் ரொட்டி பிறர் ரொட்டியோடு கலந்துவிடக் கூடாது என்று அப்பா செதுக்கிய முத்திரை உன்னிடம்தானே இருக்கிறது? சேவலின் கொண்டை உடையாமல் இருக்கிறதா?

சுவரோரக் கட்டிலை நீ எடுத்துக்கொள். சின்ன வயதில் சுவரோரத்துக்காக நீ எவ்வளவு அழுதாய். நான் ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை.

உன் அக்கா
கொஸ்தான்சா


மத்தேரா
23 அக்டோபர் 2014

அக்கா,

இன்று ரொட்டி சுட்டேன். இப்போதே எதற்கு என்பாய். நம் ரொட்டி ஒரு வாரம் வைத்தால்தான் பேசத் தொடங்கும், மறந்துவிட்டாயா? டூரினில் ஒரு நாளில் காய்ந்துபோகிற குச்சி ரொட்டியைத் தின்று பழகிவிட்டாய். பெரிய ரொட்டி ஒன்று. துணியில் சுற்றி மேல் பலகையில் வைத்திருக்கிறேன். தொட்டால் கையை ஒடிப்பேன் என்று கோசிமோவிடம் சொல்லியிருக்கிறேன். சேவலின் கொண்டை உடைந்து ரொம்ப நாளாகிவிட்டது, இப்போது பார்த்தால் கோழி மாதிரி இருக்கிறது. என் கை கொஞ்சம் நடுங்கியதில் முத்திரை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. குறை சொல்லாதே.

பாதி அவர்களுக்கு, பாதி நமக்கு. மொறுமொறுவென்ற மேலோடு எனக்கு. நீ எப்போதும் நடுச்சோற்றைத்தான் பிய்த்துத் தின்பாய், பல் இல்லாதவள் மாதிரி. இப்போது நிஜமாகவே பல் மருத்துவரிடம் போகிறாய், அதனால் சிரிக்கவில்லை.

லெதீசியாவிடம் போனில் எல்லாம் சொல்லிவிட்டேன். மெழுகுவத்தி கூடாது. குளியல் தொட்டிமேல் பலகை போட்டு மேஜையாக்க வேண்டும். அம்மா வந்து பார்த்து, குடிக்கிற தண்ணீரை இப்படி ஒரு தொட்டியில் கொட்டுகிறார்களா என்று கத்தக் கூடாது.

"ரெண்டு பேரும் ஏதாவது விசேஷம் கொண்டாடுறீங்களா சிஞோரா?" என்று கேட்டாள்.

"ஆமா. சண்டை முடிஞ்சத."

"எவ்வளவு நாள் சண்டை?"

"உன் வயசுல பாதி இருக்கும்."

"அப்ப காலைச் சாப்பாடு எங்க கணக்குல" என்றாள். நல்ல பெண் என்று சொன்னேன் அல்லவா?

மருத்துவரிடம் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். உன் மனசுக்காகத்தான். மறுநாள் நீ வந்ததும் என்ன சொன்னார் என்று கேட்பாய், பதில் இல்லாமல் நிற்க முடியாது.

சுவரோரம் எனக்கு என்று எழுதியதைக் கோசிமோவிடம் காட்டினேன். "சாட்சி வெச்சுக்க" என்றான். இரவில் பின்வாங்காதே.

வா அக்கா.

நுன்சியா


மத்தேரா, நம் வீடு
1 நவம்பர் 2014, மாலை

நுன்சியா,

மலர்கள் வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அவை உனக்கு வேண்டியவையாகிவிட்டன. முந்தாநாள் உன்னை அடக்கம் செய்தோம்.

உன் கடிதம் எனக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் கிடைத்தது. 'வா அக்கா' என்ற வரியை ஒர்னெல்லாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது கோசிமோ தொலைபேசியில் கூப்பிட்டான். காலையில் காப்பி போட எழுந்தாயாம். பால் பொங்கி வழியும் சத்தம் கேட்டு வந்து பார்த்திருக்கிறான். நான் முன்பதிவு செய்த சீட்டை விட்டுவிட்டு அன்றைக்கே ரயில் ஏறினேன். ஒர்னெல்லா கூடவே வந்தாள். நான் கேட்கவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. நீ மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாள்.

உன் வீட்டு அடுப்பு எரியவில்லை. அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒர்னெல்லா ஒவ்வொரு பாத்திரத்தையும் திறந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கடைசியாகத் தொனாத்தோ வந்தார். தூக்குச்சட்டியோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை.

"அக்கா, நான் கொண்டாந்தா வாங்கிக்குவீங்களா?"

"குடு."

இரண்டு கையாலும் வாங்கினேன். சாறு உப்புக் கரித்தது. முழுவதும் குடித்தேன்.

"பெரியம்மா, அந்த ரூமை வேணாம்னு சொல்லிடட்டுமா?" என்று கோசிமோ கேட்டான். இந்தக் குடும்பத்தில் இனி யார் வாயிலிருந்தும் அந்தச் சொல் வரக் கூடாது என்றேன். பாவம், அவனுக்குப் புரிந்தது. மதியம் அவனே என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கிக் கொண்டுவந்தான். நீ உட்கார்ந்த படிகள் எவை என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

லெதீசியா கதவைத் திறந்துவிட்டு, "அவங்க சொன்ன மாதிரியே எல்லாம் செஞ்சிருக்கேன் சிஞோரா" என்று அழுதாள். செய்திருக்கிறாள். தொட்டிமேல் பலகை இருக்கிறது. மெழுகுவத்தி இல்லை. ஈரத்தைப் பற்றி நீ எழுதியது சரிதான். அம்மாவின் ஈரம் அது. முகர்ந்த உடனே தெரிந்தது.

கோசிமோ போகும்போது துணி மூட்டை ஒன்றைப் பலகைமேல் வைத்தான். "அம்மா இதை யாரும் தொடக் கூடாதுன்னு மேல் பலகையில வெச்சிருந்தாங்க. உங்களுக்காம்" என்றான்.

அவன் போன பிறகு அவிழ்த்தேன். சேவல் சாய்ந்துதான் இருக்கிறது. கொண்டை இல்லை. நான் குறை சொல்லவில்லை.

 நுன்சியா, சாவு விழுந்திருக்கிறது. நான் சாவு வீட்டுக்காரி. அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன். என் தங்கை சுட்டு அனுப்பிய ரொட்டி என் முன்னால் இருக்கிறது. டூரினில் மேஜைவிரிப்பு விரித்து ஒவ்வொரு மணிச்சத்தத்துக்கும் எழுந்து எழுந்து போனேனே, அதற்குத்தான் இப்போது கதவு தட்டப்பட்டிருக்கிறது. உன்னுடைய சாவுக்கு நீயே எனக்குத் துக்கச் சாப்பாடு அனுப்பியிருக்கிறாய்.

இன்னும் வெளிச்சம் இருக்கிறது. ரொட்டியை வெட்டிவிட்டேன். பாதி அவர்களுக்கு, அதில் இப்போது உன் பங்கும் சேர்ந்துவிட்டது. மேலோடு உன் பக்கம் இருக்கிறது. தண்ணீர் வைத்திருக்கிறேன். சுவரோரக் கட்டிலின் போர்வையை மடித்து விலக்கி வைத்திருக்கிறேன். பின்வாங்கவில்லை. கதவைத் தாழிட மாட்டேன் என்று லெதீசியாவிடம் சொல்லிவிட்டேன். உனக்கு வழி தெரியும், செப்டம்பரில்தானே வந்தாய். அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வா. படியில் மெல்ல வா. கையில் எதையும் தூக்காதே.

அம்மாவின் விதி எனக்கு நினைவிருக்கிறது. அனுப்பியவள் கேட்கக் கூடாது, நீ கேட்கவில்லை. பெற்றுக்கொண்டவள் நன்றி சொல்லக் கூடாது, நான் சொல்லவில்லை. இதைத் தகவலாக மட்டும் எடுத்துக்கொள்.

ரொட்டி வந்துசேர்ந்தது.

அக்கா